பெருமாளுக்குக் கொடுத்த கோடு நம்பர்

எங்கள் ஆபீஸ் டெலிபோன் ஆபரேட்டர் செல்லக்கிளியக்காவுக்குத் தெரியாமல் இந்தத் திருச்சிக்குள் யாரும் யாரோடும் பேசிவிட முடியாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாங்களும் அவளிடம் அப்படியே ஒத்துக்கொண்டு காலத்தை ஓட்டினோம். இல்லையென்று சொல்லிவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

கம்பெனி மன்னார்புரத்தில் இருக்கிறது. பெயர் அரங்கன் மில் சர்வீஸ். அரிசி ஆலைகளுக்கு மிஷின் பாகங்கள் விற்பதும், ஓடாத மிஷினை ஓட வைப்பதும் தொழில். மண்ணச்சநல்லூர் மில்காரர்களில் பல பேர் எங்கள் கஸ்டமர்கள். நான் அங்கே ஸ்டோர்ஸ் கிளார்க், பூவரசன். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும், மீதி அத்தனை யோக்கியம் இல்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக வாசலை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குள் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். போன் செய்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை, இருமினாலே போதும். "என்ன முதலாளி, நேத்து மழையில நனைஞ்சீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள். மிஷின் நின்றுபோய் பதறிக் கூப்பிட்ட மனிதர், சுக்குக் கஷாயத்துக்கு அளவு கேட்டுக்கொண்டு போனை வைத்த கதையெல்லாம் உண்டு. கணவர் லாரி டிரைவர், பன்னிரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். ஒரே மகள் ஜோதி. அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்ததும் வேலையில் சேர்த்ததும் அக்காவின் ஒற்றைச் சம்பளம்தான். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடிட்டர் சொன்னார் என்று எங்கள் முதலாளி புது டெலிபோன் சிஸ்டம் வாங்கிப் போட்டார். முதலாளி வீரராகவன், ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். காலையில் பெருமாள் சேவை முடிந்துதான் ஆபீஸ். நெற்றியில் திருமண் கலைந்து நான் பார்த்ததில்லை.

புது சிஸ்டத்தின் சட்டம் இது. வெளியே போன் போட வேண்டுமானால் முதலில் ஒன்பதை அமுக்க வேண்டும். பிறகு நம்முடைய சொந்தக் கோடு, நான்கு இலக்கம். அதன்பின் எந்தக் கஸ்டமருக்காகப் பேசுகிறோமோ அவருடைய கோடு, அது ஒரு நான்கு இலக்கம். அதற்கப்புறம்தான் நம்பர். யார் பேசினார், யாருக்காகப் பேசினார், எத்தனை நேரம் என்பதையெல்லாம் மிஷினே பதிந்துகொண்டு, போன் செலவை அந்தந்தக் கஸ்டமரின் சர்வீஸ் பில்லில் சேர்த்துவிடும். செல்போனுக்கு அங்கே இடமில்லை. காலையில் வந்ததும் எல்லாச் செல்போனும் வாசல் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், சாயங்காலம்தான் வெளியே வரும். அது முதலாளியின் சட்டம்.

சிஸ்டத்தை மாட்ட வந்த டெக்னீஷியன் சித்தார்த்தன், திருவெள்ளறைக்காரன். ஒல்லியாக, அமைதியாக, எந்நேரமும் ஏணி மேல் நிற்கிற ஆள். கம்ப்யூட்டரில் பெயர்களை ஏற்ற உட்கார்ந்தபோது முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"முதல் கோடு பெருமாளுக்கு. ரங்கநாதர்னு போட்டுக்கோப்பா. நூத்தெட்டு திவ்ய தேசம், அதனால நம்பர் சைபர் ஒண்ணு சைபர் எட்டு."

புதுக்கணக்கு எழுதும்போது முதல் வரியைச் சாமிக்கு எழுதுகிற வழக்கம்தான். அதைப் போய் டெலிபோனுக்கும் கொண்டுவருவார் என்று யார் கண்டது? சித்தார்த்தன் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"சார், எந்த டிபார்ட்மென்ட்டுன்னு கேக்குது."

"எல்லாமே அவர் டிபார்ட்மென்ட்தான். போடு."

"லோக்கல் மட்டுமா, வெளியூர், வெளிநாடு எல்லாமா சார்?"

"அவருக்கு ஏதுப்பா எல்லை? எல்லாத்தையும் திறந்து விடு."

திறந்து விட்டான். எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கட்டுப்பாடு. எனக்கு லோக்கல் மட்டும், ஒரு காலுக்கு ஐந்து நிமிடம். பெருமாளுக்கு மட்டும் வேலியில்லாத வயல்.

முதல் இரண்டு மாதம் நாங்கள் பட்ட பாடு நாய் படாத பாடு. யாருக்கும் எந்தக் கோடும் நினைவில் நிற்கவில்லை. குடோன் காத்தான் தன் மகளின் ஜாதகம் பற்றி ஜோசியரிடம் பேசப் போய், கஸ்டமர் கோடு கேட்டதும் பயத்தில் வாய்க்கு வந்த நான்கு இலக்கத்தை அமுக்கிவிட்டான். மாதக் கடைசியில் மண்ணச்சநல்லூர் மில் ஓனர் ஒருவர் பில்லும் கையுமாக வந்து நின்றார். "என் மிஷினுக்கு எதுக்குய்யா ஜோசியம் பாத்தீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து காத்தான் போனைக் கண்டாலே ஒதுங்கி நடப்பான். முப்பத்தொரு பேர் கோடும் நூற்றுச்சொச்சம் கஸ்டமர் கோடும் பார்க்காமல் சொல்லக்கூடியவள் அக்கா ஒருத்திதான். "இதுகூடத் தெரியலையா? நீயெல்லாம் என்னத்தப் படிச்சே!" என்று ஒரு வசவோடு சேர்த்துத்தான் கோடு கிடைக்கும்.

வசவு வாங்காமல் பேச ஒரு வழி இருந்தது. சைபர் ஒண்ணு சைபர் எட்டு. அந்தக் கோடைப் போட்டால் கஸ்டமர் கோடு கேட்காது, நிமிடக் கணக்கு கிடையாது, எந்த ஊர் என்று கேட்காது. முதலில் யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. நான் இல்லை, சத்தியமாக நான் மூன்றாவது ஆள். கோயில் பூனை தேவருக்கு அஞ்சுமா? அக்கவுண்டன்ட் அப்துல் அஹத் பாய் மட்டும் ஷார்ஜாவில் இருக்கும் தம்பிக்குப் போன் போடும் முன் சுவரில் இருந்த ரங்கநாதர் படத்தைப் பார்த்து, "பெரியவங்க, ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் நம்பரைத் தொடுவார். மற்ற எங்களுக்கு அந்த மரியாதையும் இல்லை.

மாதாமாதம் மிஷின் ரிப்போர்ட் அச்சடித்தது. அதில் முதல் வரியில் ரங்கநாதர் என்று இருந்ததால், முதலாளி அதைப் படிக்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூஜை அலமாரியில் வைத்து மேலே ஒரு துளசியையும் வைத்துவிடுவார். எங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு நடுவில்தான் ஜோதி விஷயம் வெடித்தது. சித்தார்த்தன் ஒயர் இழுத்த நாட்களில் அவள் மூன்று நாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். ஏணி மேலிருந்து இவன் பார்த்திருக்கிறான், கீழேயிருந்து அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வருடம் இரண்டு பேரும் செல்போனில் பேசியே குடும்பத்துக்குத் திட்டம் போட்டு, போன தை மாதம் மண்ணச்சநல்லூர் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். முடித்தபிறகுதான் ஜோதி அம்மாவுக்கு ஆபீஸ் போனில் சொன்னாள்.

பையன் மேல் அக்காவுக்குக் குறை ஒன்றும் கிடையாது. கேட்டிருந்தால் இரண்டு நாள் கத்திவிட்டு மூன்றாம் நாள் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருப்பாள். கேட்கவில்லையே என்பதுதான் குத்திவிட்டது. அதைவிட, ஊரார் பேச்செல்லாம் தெரிந்த தனக்குச் சொந்த மகளின் போன் பேச்சு தெரியவில்லை என்பது. அதை அன்றைக்கு ஒருத்தன் வாய் தவறிச் சொல்லியும் விட்டான். யார் என்று கேட்காதீர்கள், நான்தான். அக்கா எழுந்து ஹாலுக்கு நடுவில் வந்தாள். ரங்கநாதர் படத்துக்கு முன்னால் கையில் அடித்தாள்.

"இனிமே என் பேர்ல அவளுக்கு ஒரு போன் போகாது. அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்தப் பெருமாள் மேல சத்தியம்!"

கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று பேசிக்கொண்டோம். பெத்த மனம் பித்து என்பார்கள். இவளோ மகளின் நம்பரைச் செல்போனில் பிளாக் செய்தாள், மகள் பேரை எடுத்தாலே எழுந்து போனாள். திருவெள்ளறை என்ன, சீமையா? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஷார்ஜாவுக்கு ஆள் போய் வருகிறது, இவளால் அங்கே போக முடியவில்லை. ஜோதியும் லேசுப்பட்டவள் இல்லை, தாய்க்குத் தப்பாத பெண். "ஆபீஸுக்குப் போன் பண்ணி என் வேலையக் கெடுக்காதே" என்று அம்மா அன்றைக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அதன்பின் ஒருமுறைகூட அவள் கூப்பிடவில்லை.

ஐப்பசியில் எங்கள் குட்டு உடைந்தது. முதலாளியின் மருமகள் சுபஸ்ரீ மேடம் சென்னையிலிருந்து வந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். முதல் வேலையாகப் பூஜை அலமாரியைச் சுத்தம் செய்தார். காய்ந்த துளசிக்கு அடியில் இருபத்திரண்டு மாத ரிப்போர்ட். நான் ஸ்டாக் நோட்டில் கையெழுத்து வாங்க உள்ளே நின்றுகொண்டிருந்தேன். நின்றிருக்கக் கூடாது.

"அப்பா, பெருமாள் போன மாசம் அறுநூத்திப் பன்னெண்டு தடவை போன் பேசியிருக்கார்" என்றார் மேடம்.

மாமனாருக்கு முதலில் புல்லரித்தது. "எங்கேம்மா?"

"ஷார்ஜாவுக்கு நாப்பத்தஞ்சு."

"ஷார்ஜால நமக்குச் சன்னதி இல்லையே..." என்று இழுத்தவர், பிறகுதான் புரிந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் ஸ்டாக் நோட்டைப் பார்த்தேன்.

திருடன் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி, எந்த நம்பர் யாருடையது என்று கண்டுபிடித்து லிஸ்ட் போடும் வேலையை மேடம் என்னிடமே கொடுத்தார். மழைக்காலம், ஸ்டோர்ஸில் வேலை குறைவு. குடோனில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் பிரித்தேன். என் பங்கு பதினான்கு. எல்லாம் என் மைத்துனனுக்கு, இரவல் வாங்கிய பைக்கைத் திருப்பிக் கொண்டுவந்து விடச் சொல்லி. பைக் இன்னும் வரவில்லை.

எல்லா நம்பருக்கும் சொந்தக்காரர் அகப்பட்டார். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும், சரியாகப் பதினொன்று இருபதுக்கு, ஒரே செல் நம்பருக்கு ஒரு கால். நாங்கள் எல்லோரும் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போகிற நேரம் அது. மாசி மாதம் ஆரம்பம். ஒன்பது விநாடி. எட்டு விநாடி. பதினொரு விநாடி. யாரோ போனைப் போட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். பங்குனியில் நாற்பது விநாடி. வைகாசியில் இரண்டு நிமிடம். ஆடியில் ஆறு. புரட்டாசியில் ஒன்பது, பத்து நிமிடம்கூடப் போயிருந்தது. எங்கள் ஆபீஸில் காதலிக்கிற வயதில் யாரும் இல்லையே என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. யார் என்று பார்த்துவிடலாம் என்று, மூன்று மணிக்கு, முதல் தடவையாக என் சொந்தக் கோடைப் போட்டு அந்த நம்பரை அடித்தேன்.

அந்தப் பக்கம் ஒரு பெண் 'ஹலோ'கூடச் சொல்லவில்லை, நேராகப் பேச ஆரம்பித்தாள்.

"என்னம்மா, இன்னிக்கு ரெண்டாவது தடவை? காலையில சொன்னதையே நெனைச்சுக்கிட்டு இருக்கியா? ஸ்கேன்ல தண்ணி கொஞ்சம் கம்மிதான், பயப்பட ஒண்ணுமில்லேன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க. தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. ஆனா எனக்குப் பயமா இருக்கும்மா. நானே நர்ஸு, எனக்கே பயமா இருக்கு. நீ ஒண்ணும் பேச வேணாம். இப்படியே கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இரு, போதும்."

ஜோதி. வேறொருத்தி வீட்டுக் கதவைத் திறந்து பார்த்துவிட்ட வெட்கம். மெல்லப் போனை வைத்தேன்.

நேராகக் கண்ணாடித் தடுப்புக்குப் போனேன். "அக்கா, ஜோதிக்குத் தினமும் போன் பண்றியா?"

"நான் எங்க பண்ணேன்?" என்றாள், போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ரிப்போர்ட்ல இருக்குக்கா."

"யார் பேர்ல இருக்கு?"

"ரங்கநாதர் பேர்ல."

"அப்ப அவரப் போய்க் கேளு."

"அக்கா!"

"ஏண்டா கத்துற? என் பேர்ல போன் போகாதுன்னு சொன்னேன். போகல. ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொன்னேன். இந்த நிமிஷம் வரைக்கும் பேசல. அவ பேசுறா, நான் கேக்கறேன். கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணேனா?"

கோர்ட்டில் வாதாட வேண்டியவளைக் கொண்டுவந்து போர்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் அவளாகவே குரலை இறக்கிச் சொன்னாள். முதல் நாள் சும்மா குரலை மட்டும் கேட்டுவிட்டு வைக்கத்தான் போட்டாளாம். ஆபீஸ் நம்பர் ஜோதிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து மனப்பாடம். "அம்மாவா?" என்று கேட்டிருக்கிறாள், இவள் பயந்து வைத்துவிட்டாள். தினமும் அதே. ஒரு மாதம் போனபின் அவள் 'அம்மாவா' என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால்தானே லைன் கட்டாகிறது? இன்றைக்கு முருங்கைக்கீரை வைத்தேன், மாமியாருக்கு முட்டிவலி, எனக்கு வாந்தி நிற்கவில்லை என்று பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள். மூன்றாம் மாதமா, ஐந்தாம் மாதமா, குழந்தை எப்போது உதைத்தது, எல்லாம் அக்காவுக்கு இப்படித்தான் தெரிந்திருக்கிறது. வளைகாப்புக்கு யார் யார் வந்தார்கள் என்பதுவரைக்கும்.

"லிஸ்ட் குடுத்தா மேடம் அந்தக் கோடை நிறுத்திடுவாங்கக்கா. இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. பேசிடேன்."

"சாமி மேல பண்ண சத்தியம். முறிச்சா அது யார் தலையில விடியும்? வயித்துல இருக்கிறது தலையில விடிஞ்சா?" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் விளையாட்டு கொஞ்சமும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் எப்போதோ போய்விட்டது. பயம்தான் அவளைக் கட்டிப்போட்டிருக்கிறது.

"நான் மேடம்கிட்ட விஷயத்தச் சொல்லட்டுமா?"

"சொல்லிப் பாரு. அந்தப் பதினாலு காலும் உன்னுதுன்னு நானும் சொல்றேன்" என்று உடனே பழைய செல்லக்கிளியாகிவிட்டாள். பதினான்கு என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

லிஸ்டில் அந்த நம்பருக்கு நேராகத் 'தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். என் பெயருக்கு நேராகப் பதினான்கை நானே எழுதினேன், புண்ணியத்துக்கு. மேடம் யாரையும் திட்டவில்லை. மாமனாரிடம் மட்டும் கேட்டார். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, "பேரு முதல் வரியிலேயே இருக்கட்டும். பூட்டிக்கோம்மா. பெருமாள் நம்மகூடப் பேசணும்னா போன் பண்ணித்தான் பேசணும்னு இல்லே" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேடம் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு தட்டினார். சைபர் ஒண்ணு சைபர் எட்டு பூட்டிக்கொண்டது. பதினொன்று இருபதுக்கு நான் டீக்குப் போகாமல் ஸ்டோர்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்செட் ஒயர் முந்தின நாள் அறுந்துபோனதால் அக்கா ஸ்பீக்கரில்தான் டயல் செய்தாள். மிஷினுக்குள்ளிருந்து ஒரு பெண், இந்த அழைப்புக்குத் தங்களுக்கு அனுமதி இல்லை என்று இனிமையாகச் சொன்னாள்.

"யாருக்குடி அனுமதி இல்ல? பெருமாளுக்கா?" என்று அக்கா மிஷினைக் கேட்டாள். அது திரும்பவும் அதையே சொன்னது. மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் சொன்னது.

புதன்கிழமை நான் போய் நின்றேன். "அக்கா, என் கோடு இருக்கு. லோக்கல்தானே, தாராளமாப் போகும். நானே போடறேன், நீ காதை மட்டும் வை. அஞ்சு நிமிஷம் கிடைக்கும்."

"ஆள் வச்சு முறிச்சாலும் முறிச்சதுதான்."

"அப்ப இத்தன மாசம் பெருமாளை வச்சுப் பண்ணது என்னவாம்?"

"அவர் மேல பண்ண சத்தியம், அவரே உதவி பண்ணா அது அவருக்கும் எனக்கும். நீ யாரு நடுவுல?"

"அட போக்கா! நீயும் உன் சத்தியமும்!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். கத்தினது தப்புதான். ஆனால் யாருக்குத்தான் கோபம் வராது? அங்கே ஒரு பெண் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள், இங்கே இவள் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுத்து, பூசாரியும் கொடுத்து, வாங்க வேண்டியவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அந்த மூன்று நாளும் போர்டு போர்டாக இல்லை. மோட்டார் புகையுது என்று அலறிய மில்காரருக்குக் கேன்டீன் கனெக்ஷன் கொடுத்தாள். கேன்டீன் மாஸ்டர் அவரிடம் எத்தனை இட்லி என்று கேட்டிருக்கிறார். இருமலை வைத்து ஆளைச் சொல்கிறவள், மேடத்தின் குரலுக்கே "நீங்க யாரு?" என்றாள். மேடம் என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. எதிர்க்கடைக்குப் போக வழியில்லாமல் நான் அக்காவின் தடுப்புக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவளோடு பேச்சில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். ஹெட்செட் ஒயரை இன்னும் மாற்றாததால் ஸ்பீக்கரில்தான் வேலை நடந்தது. பதினொன்று இருபத்தைந்து இருக்கும், வெளி லைன் அடித்தது. மணி அடித்தால் எடுப்பதும் வாய் தானாகச் சொல்வதும் அவளுக்கு இருபத்தாறு வருடப் பழக்கம், மனசு எங்கே இருந்தாலும் அது நடந்துவிடும்.

"வணக்கம், அரங்கன் மில் சர்வீஸ், சொல்லுங்க."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல், அழுகையும் சிரிப்புமாக.

"அம்மா... பேசிட்டியே."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பிரயோஜனம்? சொன்னது சொன்னதுதான், அதுவும் ஐந்து வார்த்தை. அவள் விரல் லைனைத் துண்டிக்கிற பட்டனுக்குப் போனது. நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். விரல் பட்டன் மேலேயே நின்றது, அமுக்கவில்லை.

"யாரு வேணும்?" என்றாள். கஸ்டமரிடம் பேசுகிற அதே குரல். கண்ணில் மட்டும் கொட்டுகிறது.

"ஆபரேட்டர் அம்மா வேணும். மூணு நாளாப் போன் வரல. உனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல."

"எனக்கென்ன கேடு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உனக்கு ஏண்டி குரல் இப்படி இருக்கு?"

"காலையிலேர்ந்து விட்டு விட்டு வலிக்குதும்மா. தேதிக்கு இன்னும் நாள் இருக்கு, ஆனா வலிக்குது. அவர் கார் கூட்டிட்டு வரப் போயிருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்குள்ள ஒரு தடவ..."

"எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவ வலிக்குது?"

"இருபது நிமிஷம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"மண்ணச்சநல்லூர். நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரிதாம்மா. நீ... நீ வருவியாம்மா?"

அதற்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. நாற்காலி சுழன்றுகொண்டிருந்தது. இருபத்தாறு வருடத்தில் மாற்று ஆள் இல்லாமல் போர்டை விட்டு எழுந்திராதவள், செருப்பைத் தேடவும் நிற்காமல் என்னைத் தாண்டி வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். படியில் இறங்கும்போது திரும்பி, "பூவரசா, போர்டைப் பாத்துக்க! மேடம்கிட்டச் சொல்லிக்க!" என்று கத்தினாள். மழையில் ரோட்டைக் கடந்து, நிற்காத ஒரு டவுன் பஸ்ஸைக் கையைக் காட்டி அதட்டி நிறுத்துவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

ஸ்பீக்கரில் ஜோதி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா? கோவிச்சுக்கிட்டியா? அம்மா?"

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மைக் பக்கம் குனிந்தேன்.

"ஜோதி, நான் பூவரசன் மாமா பேசறேன். அம்மா பஸ் ஏறியாச்சும்மா. குடைகூட எடுக்கல."